கை நனைக்காத ஞாயிறு

எனக்குச் சந்தேகப் புத்தி. ஊரே சொல்லும், என் வீட்டுக்காரர் இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொல்வார். சொல்லட்டும். சோழவந்தானில் வெற்றிலைக் கமிஷன் கடை வைத்திருப்பவளுக்கு அந்தப் புத்தி இல்லாவிட்டால் கடையை என்றைக்கோ இழுத்துப் பூட்டியிருக்க வேண்டும். கட்டுக்கு மேலே தளதளவென்று இலை அடுக்கியிருப்பார்கள், நடுவில் அழுகல் இருக்கும். கொண்டு வருகிறவன் சிரித்துக்கொண்டே நீட்டுவான். நான் சிரிக்க மாட்டேன். கட்டை நடுவில் பிரித்து மூக்கை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டுத்தான் விலை பேசுவேன். என் அப்பா அடுத்தவர் கொடிக்காலில் கூலிக்கு வெற்றிலை கிள்ளியவர். நான் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறேன் என்றால் அந்த மூக்கினால்தான்.

அப்படிப்பட்ட என்னையே ஒரு தடவை ஏமாற்றிவிட்டார்கள். என் மகளுக்கு முதலில் பேசிய சம்பந்தம் அது. மாப்பிள்ளைக்கு வளைகுடாவில் வேலை. விசாரித்த இடமெல்லாம் பையன் தங்கம் என்றார்கள். எங்கள் பக்கம், சம்பந்தம் பேசப் போகிற வீட்டில், முடிவு சொல்லும்வரை ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டோம். அங்கே கை நனைத்துவிட்டால் சரி என்று சொன்னதாக அர்த்தம். தங்கம்தானே என்று நாங்கள் அந்த வீட்டில் இலை போட்டு உட்கார்ந்தோம். திரும்பி வந்தபோது மகள் வாசலில் நின்று, "சாப்பிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டாள். வயிறு நிறைய என்றார் அவள் அப்பா. அவள் வேறொன்றும் கேட்காமல் தலை குனிந்துகொண்டு உள்ளே போனாள். அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் பார்த்தேன்.

பூ வைத்தாயிற்று, பத்திரிகை அடித்துப் பாதிப் பேருக்குக் கொடுத்தும் ஆயிற்று. அதற்குப் பிறகுதான் வளைகுடாவிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். அவனுக்கு அந்த ஊரில் குடும்பம் இருந்தது, குழந்தையும் இருந்தது. கல்யாணத்தை நிறுத்தினோம். தப்பு செய்தது அவன், பேச்சு வாங்கியது என் மகள். கை நனைச்சு, பூ வச்சு, நின்னுபோன பொண்ணு என்று தெருவில் அவளுக்கு ஒரு பெயர் வைத்தார்கள். அவள் அழவில்லை. மதுரையில் ஒரு ஆஸ்பத்திரி லேபில் வேலை. மறுநாளும் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிப் போனாள். அழுதிருந்தால்கூட எனக்கு மனசு ஆறியிருக்கும்.

அதற்குப் பிறகு எந்த வரன் வந்தாலும் வேண்டாம் என்பாள். வருஷங்கள் போயின. போன கோடையில் ஒருநாள், தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தவள் திரும்பாமலே சொன்னாள். "வரன் பாரும்மா. ஆனா யாரோ சொன்னாங்க, தரகர் சொன்னாருன்னு வராத. நீ நேர்ல பாத்துட்டு வந்து சொல்லு. நீ சரின்னா எனக்குச் சரி." மூட்டையைத் தூக்கி என் தலையில் வைத்துவிட்டாள். இந்தத் தடவையும் பிசகினால் அவள் இன்னொரு தடவை வாயைத் திறக்க மாட்டாள். அது எனக்குத் தெரியும், அவள் அப்பாவுக்கும் தெரியும்.

அப்புறம் தரகர் கொண்டு வந்தது இந்த வரன். எங்கள் ஆட்கள்தான், வாடிப்பட்டி. அம்மா இல்லை, அப்பா இல்லை, கட்டிக்கொடுத்த ஓர் அக்கா மட்டும். வயது முப்பத்தைந்தை ஒட்டி. இத்தனை வருஷம் மால்டா என்று ஒரு தீவில், சின்ன மீன் ஹோட்டலில் சமையல் வேலை பார்த்தவராம். இப்போது திரும்பி வந்து திண்டுக்கல் ரோட்டில் சொந்தமாக ஒரு மீன் கடை போட்டிருக்கிறாராம். என் வீட்டுக்காரர் செல்போனில் அந்தத் தீவைத் தேடினார். இத்தாலிக்குக் கீழே, மத்தியதரைக் கடலில், விரலால் பெரிசாக்கிப் பெரிசாக்கிப் பார்த்தால்தான் தெரிந்தது. அவர் ஆச்சரியப்பட்டார். நான் போனைக் கவிழ்த்து வைத்தேன். மறுபடியும் வெளிநாடா?

நான் கேட்டதில் என்ன தப்பு? சுற்றிலும் கடல் இருக்கிற தீவில் மீன் சுட்டுக்கொண்டிருந்தவன், கடல் வாசமே இல்லாத வாடிப்பட்டிக்கு வந்து எதற்கு மீன் கடை போடுகிறான்? துரத்திவிட்டார்களா, ஓடி வந்தானா? இத்தனை வருஷம் கல்யாணம் ஆகாமலா இருந்தான்? அங்கே யாராவது இருக்கிறாளா? தரகர் வெற்றிலையை மடித்துக்கொண்டே, பையன் தங்கம் என்றார். அந்த வார்த்தையைக் கேட்டதும் அவர் மேலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மதியம், யாரென்று சொல்லாமல் சாப்பிடப் போகிறவர்கள் மாதிரிப் போய்ப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். என் வீட்டுக்காரருக்கு மீன் என்றால் உயிர், ஆனாலும் தயங்கினார். பேச்சு முடியாத இடத்தில் எப்படிக் கை நனைப்பது என்றார். காசு கொடுத்துக் கடையில் சாப்பிடுவது எப்படிக் கை நனைப்பதாகும், அப்படிப் பார்த்தால் மதுரையில் பாதி ஹோட்டல்காரன் நமக்குச் சம்பந்தி என்றேன். அவர் வண்டியை எடுத்தார். அவருக்குக் கண் ஆபரேஷன் செய்தபோது கொடுத்த கறுப்புக் கண்ணாடி பீரோவில் கிடந்தது. அதை நான் மாட்டிக்கொண்டேன்.

கடையைப் பார்த்தவுடன் பல் ஆஸ்பத்திரி என்றுதான் நினைத்தேன். சுவரெல்லாம் வெள்ளை, கதவும் ஜன்னலும் நீலம். உள்ளே ஐந்தாறு மேசைகள், பாதிக்கு மேல் ஆள் இருந்தது. ஒரு சுவரில் பெரிய படம். தண்ணீரை ஒட்டி அதே மாதிரி ஒரு சின்னக் கடை, வெளியே நாலு நாற்காலி, பக்கத்தில் கலர் கலராகப் படகுகள். ஒவ்வொரு படகின் மூக்கிலும் இரண்டு கண் வரைந்திருந்தது. கண்ணேறு படாமல் இருக்க வரைவார்கள் போல. நான் உளவு பார்க்க வந்த இடத்தில் அந்தக் கண்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது எனக்குப் பிடிக்கவில்லை.

கடைக்காரர் அடுக்களை வாசலில் நின்றார். போட்டோவில் பார்த்ததைவிடக் கறுப்பு, காதோரம் நரை, முழங்கை வரை பழைய சூட்டுத் தழும்புகள். எங்களைப் பார்த்ததும் ஒரு நொடி அப்படியே நின்றுவிட்டுத்தான் பக்கத்தில் வந்தார். அந்த ஒரு நொடியை நான் குறித்துக்கொண்டேன். எங்கிருந்து வருகிறோம் என்று கேட்டார். எழுமலை, திண்டுக்கல்லுக்கு ஒரு விசேஷத்துக்குப் போகிறோம் என்றேன். முன்கூட்டியே யோசித்து வைத்த பொய்.

"எழுமலைலருந்து திண்டுக்கல்லுக்கா? உசிலம்பட்டி, வத்தலக்குண்டுன்னு நேராப் போயிரலாமேம்மா. இது சுத்துல்ல?"

என் வீட்டுக்காரர் மேலே ஓடுகிற மின்விசிறியைப் பார்த்தார். வழியில் ஒரு வீட்டுக்கு வர வேண்டியிருந்தது என்று சமாளித்தேன். கடைக்காரர் தலையாட்டிவிட்டு, உட்கார்ந்திருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். போனவர் போனவர்தான்.

அந்தக் கடையில் ஒரு பழக்கம் இருந்தது. யார் வந்து உட்கார்ந்தாலும், ஒரு தட்டில் ஐஸ் பரப்பி, அன்றைக்கு வந்த மீனைப் பச்சையாக அவர்கள் மேசைக்கே கொண்டுவந்து காட்டினார்கள். விளைமீன், பாறை, சங்கரா, கொஞ்சம் கணவாய். எது வேண்டும், சுடவா, குழம்பா என்று கேட்டுவிட்டு எடுத்துப் போனார்கள். அந்தத் தீவு வழக்கமாம். பக்கத்து மேசைக்காரர் தன் மனைவியிடம் விளக்கிக்கொண்டிருந்தார். எங்களுக்கு அடுத்து வந்த குடும்பத்துக்குத் தட்டு வந்தது. அதற்கும் அடுத்து வந்த இரண்டு பேருக்கு வந்தது. எங்களுக்கு மட்டும் வரவில்லை.

ஏன் வரவில்லை? நான் யோசிக்க ஆரம்பித்தேன். மீன் பழசு, நான் கண்டுபிடித்துவிடுவேன் என்று பயப்படுகிறான். இல்லை, கறுப்புக் கண்ணாடியைப் பார்த்து, சோதனை போட வந்த அதிகாரி என்று நினைத்துவிட்டான். மீன் கெடாமல் இருக்க என்னென்னவோ மருந்து போடுகிறார்களாமே, அப்படி ஏதாவது உள்ளே இருக்கும். மடியில் கனம் இல்லாதவன் எதற்கு ஒளிய வேண்டும்? என் வீட்டுக்காரர் பக்கத்து மேசையில் சுட்ட மீனை ஒருவர் முள் பிரிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார். எலுமிச்சையும் எண்ணெயும் விட்டுச் சுட்ட வாசம் மூக்கைத் துளைத்தது. எனக்கும்தான் பசித்தது, அதை வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

பரிமாறுகிற பெண் ஒருத்தி இருந்தாள். இரண்டு முறை கூப்பிட்டேன். இதோ வாரேன் என்றாள், உள்ளே போனாள், அவரிடம் ஏதோ கேட்டாள், வெளியே வந்தவள் எங்கள் பக்கமே திரும்பவில்லை. ஆக, அவர்தான் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்.

அப்போதுதான் அவருடைய போன் அடித்தது. அடுக்களைச் சன்னலை ஒட்டி எங்களுக்கு முதுகைக் காட்டி நின்று பேசினார். தமிழ் இல்லை, இங்கிலீஷும் இல்லை. தொண்டையிலிருந்து வருகிற ஏதோ ஒரு பாஷை. மறுமுனையில் ஒரு பெண் குரல், நல்ல அதிகாரமான குரல். இவர் சிரிக்கிறார், குழைகிறார், சரி சரி என்கிற மாதிரித் தலையாட்டுகிறார். என் வீட்டுக்காரரின் தொடையைக் கிள்ளி, கேளுங்க, கேளுங்க என்றேன். அவருக்கு மட்டும் அந்தப் பாஷை புரியவா போகிறது? அங்கே ஒருத்தி இருக்கிறாள், முடிந்தது கதை என்று நான் தீர்மானித்துவிட்டேன். வீட்டில் காத்துக்கொண்டிருக்கிறவளிடம் என்ன சொல்வேன்?

எழுந்து போயிருக்கலாம். போகவிடாமல் செய்தது தண்ணீர். எல்லா மேசையிலும் தண்ணீர் ஜக்கு இருந்தது, டம்ளர் இருந்தது. எங்கள் மேசை மட்டும் துடைத்துவிட்ட மாதிரிக் காலியாகக் கிடந்தது. என் அப்பா டீக்கடைக்குள்ளே உட்கார்ந்து டீ குடித்தவர் இல்லை. வெளியே நின்று, தனியாகத் தொங்குகிற டம்ளரை எடுத்து, தானே கழுவிக் குடித்தவர். தண்ணீர் கேட்டால் உயரத்திலிருந்து கையில் ஊற்றுவார்கள். சின்ன வயசில் அவர் விரலைப் பிடித்துக்கொண்டு நின்று அதைப் பார்த்திருக்கிறேன். அதெல்லாம் போய் எத்தனையோ வருஷம் ஆயிற்று. ஆனாலும் ஒரு சாப்பாட்டுக் கடையில் எனக்கு மட்டும் தண்ணீர் வைக்காவிட்டால் என் உடம்பு அதை மறக்க மாட்டேன் என்கிறது. அதுவும் நம்ம ஆளே நமக்கு இதைச் செய்கிறானா? கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு எழுந்து நேராக அடுக்களைக்குள் போனேன். என் வீட்டுக்காரர் பதறிக்கொண்டு பின்னாலேயே வந்தார்.

அவர் போனை வைத்துவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பியிருந்தார். எங்களுக்கு மட்டும் ஏன் ஒரு வாய் தண்ணீர்கூட வைக்கவில்லை என்று கேட்டேன். அவர் அடுப்பைத் தணித்துவிட்டு, துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு, கொல்லைப் பக்கம் வரச் சொன்னார். அங்கே ஒரு புங்கை மரம் இருந்தது. அதன் கீழே வைத்துத்தான் சொன்னார்.

"நீங்க யாருன்னு தெரியும்மா. தரகர் அனுப்புன போட்டோல நீங்களும் ஐயாவும் இருக்கீங்க."

எனக்கு உச்சியில் அடித்த மாதிரி இருந்தது. ஒரு காதுகுத்தில் எடுத்த படம் அது. மகள் நடுவில், நாங்கள் இரண்டு பக்கமும். நான்தானே கொடுத்தனுப்பினேன்! நாங்கள் அவரைப் பார்க்கிற மாதிரி அவரும் எங்களைப் பார்ப்பார் என்று இந்தப் புத்திசாலிக்குத் தோன்றவே இல்லை. கறுப்புக் கண்ணாடி வேறு.

"விசாரிக்க வந்திருக்கீங்க. நல்லா விசாரிங்க, தெருவுல யாரை வேணும்னாலும் கேளுங்க. ஆனா இங்கன சாப்பிடாதீங்க. கடைதான், காசுக்குத்தான் போடுறேன். பேசுறவுக அப்படியா பேசுவாக? நாளைக்கு உங்களுக்குப் பிடிக்கலன்னு வைங்க. அங்க போய்க் கை நனைச்சுட்டு வேணாம்னுட்டாகன்னு ஒரு பேச்சு கெளம்பும். அது உங்களையும் என்னையும் சுத்தாது. உங்க வீட்டுப் பொண்ணத்தான் சுத்தும். அவுக ஏற்கனவே பட்டிருக்காக. இன்னொரு பேச்சு என் கடைலருந்து போக வேணாம்மா."

என் வீட்டுக்காரர் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். வந்ததுமே சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். கடை நிறைய ஆள் இருக்கும்போது எப்படிச் சொல்வது, நேரமாக்கினால் நாங்களே சலித்து எழுந்து போய்விடுவோம் என்று நினைத்தாராம். தண்ணீராவது வைக்கச் சொல்ல மனசு துடித்ததாம், ஆனால் தண்ணீரும் அதில் சேர்த்திதானே என்று விட்டுவிட்டாராம். அப்போதும் அவர் என்னை அத்தை என்று கூப்பிடவில்லை. அம்மா என்றே சொன்னார்.

என் மகளுக்கு நடந்தது அவருக்கு எப்படித் தெரியும்? அதைக் கேட்காமல் விடுவேனா? தரகர் சொல்லவில்லையாம். அவரே சோழவந்தானுக்கு வந்து விசாரித்திருக்கிறார். பாதி ஊர் நல்லவிதமாகவும் பாதி ஊர் வேறுவிதமாகவும் சொல்லியிருக்கிறது.

"உங்க கடையிலயே ஒரு கவுளி வெத்தலை வாங்குனேன்மா. வெளிய வந்து நடுவுல பிரிச்சுப் பாத்தேன். மேல இருந்த மாதிரியேதான் இருந்துச்சு."

என் வீட்டுக்காரர் சத்தமாகச் சிரித்துவிட்டார். எனக்குச் சுள்ளென்று வந்தது. என் கடைக்கே வந்து என் கட்டையே பிரித்துப் பார்த்திருக்கிறான்! அவன் முகம் எனக்கு ஞாபகமே இல்லை. இத்தனை பெரிய மூக்கை வைத்துக்கொண்டு என்ன பிரயோஜனம்? ஆனால் கோபத்துக்கு அடியில் எனக்கு அந்த ஆளைப் பிடித்துப் போக ஆரம்பித்தது. அதையும் நான் உடனே நம்பிவிடவில்லை. வளைகுடாக்காரனும் நன்றாகத்தான் பேசினான். போனில் பேசிய பெண் யார் என்று நேராகவே கேட்டேன்.

அந்தத் தீவுக் கடைக்கார அம்மாவாம். அங்கே இப்போதுதான் காலை, படகிலிருந்து மீன் வாங்குகிற நேரம். தினமும் இந்த நேரத்துக்குக் கூப்பிட்டு, இன்று என்ன மீன், அங்கே என்ன மீன் என்று பேசுமாம். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, இப்போது போடுங்க, நான் பார்க்க வேண்டும் என்றேன். என் வீட்டுக்காரர், ஏ இவளே, விடு என்று கையைப் பிடித்தார். நான் விடவில்லை. கடைக்காரர் கொஞ்சமும் யோசிக்காமல் வீடியோவில் கூப்பிட்டார்.

வெள்ளை முடியைத் தூக்கிக் கட்டிய ஒரு கிழவி வந்தாள். எழுபதுக்கு மேல் இருக்கும். ஒரு கையில் மீனைப் பிடித்திருந்தாள். என்னைப் பார்த்ததும் புருவத்தைச் சுருக்கி, யார் இது என்கிற மாதிரி அவரிடம் ஏதோ கேட்டாள். அவர் சொன்னார். உடனே கிழவி போனுக்குள் முகத்தைக் கொண்டுவந்து என்னை மேலும் கீழும் பார்த்தாள். நான் அவளைப் பார்த்த அதே பார்வை! என் வாழ்க்கையில் அப்படி என்னை யாரும் அளந்ததில்லை. பிறகு அவரிடம் சத்தம் போட்டுப் பேசினாள்.

என்ன சொல்கிறாள் என்று கேட்டேன். வந்தவர்களுக்குச் சாப்பாடு போட்டாயா என்று கேட்கிறாளாம். இன்னும் இல்லை என்றதற்கு, நான் உனக்கு இதையா சொல்லிக்கொடுத்தேன் என்று திட்டுகிறாளாம். எங்கள் வழக்கத்தை அவளுக்கு எப்படி விளக்குவது என்று தெரியாமல் அவர் விழித்ததைப் பார்த்ததும் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்த அடுப்பை விட்டுவிட்டு ஏன் வந்தீர்கள் என்று அப்போதுதான் கொஞ்சம் இறங்கிய குரலில் கேட்டேன். எத்தனை வருஷம் நின்றாலும் அது அடுத்தவர் அடுப்புதானே என்றார். அவ்வளவுதான் பதில். எனக்கு அது போதுமானதாக இருந்தது, நானும் என் கடை வைப்பதற்கு முன் அடுத்தவர் கடையில் இலை எண்ணியவள்தான்.

போவதற்கு முன் மீன் பெட்டியைப் பார்க்கலாமா என்று கேட்டேன். திறந்துவிட்டார். மேலே கிடந்ததை விட்டுவிட்டு, ஐஸுக்கு அடியில் கையை விட்டு ஒரு விளைமீனை இழுத்துச் செவுளைத் தூக்கினேன். ரத்தச் சிவப்பு. இன்னொன்றை இழுத்தேன், அதுவும் அப்படியே. மூடிவிட்டு வெளியே வந்து ரோட்டோரத்தில் நின்று மகளுக்குப் போன் போட்டேன்.

முதல் மணியிலேயே எடுத்தாள். ஹலோ சொல்லவில்லை.

"சாப்பிட்டீங்களா?"

அதே கேள்வி. இத்தனை வருஷத்துக்குப் பிறகு அதே மூச்சில் அதே கேள்வி. இல்லை, சாப்பாடு போடவில்லை என்றேன். சொன்ன பிறகுதான் அவள் காதில் அது எப்படி விழுந்திருக்கும் என்று உறைத்தது. அவசரமாக, அப்படி இல்லடி, கேளு என்று ஆரம்பித்து, புங்கை மரத்தடியில் அவர் சொன்னதை ஒரு சொல் விடாமல் சொன்னேன். லாரிகள் போய்க்கொண்டிருந்தன, நான் கத்தித்தான் சொன்னேன்.

"கடைசியா என்ன சொன்னாரு? திரும்பச் சொல்லும்மா."

"இன்னொரு பேச்சு என் கடைலருந்து போக வேணாம்னாரு."

அவள் அழுதாள். கல்யாணம் நின்ற அன்றைக்கு அழாதவள், தெருவில் பெயர் வைத்தபோது அழாதவள், இப்போது போனுக்குள் குழந்தை மாதிரி விக்கி விக்கி அழுதாள். நானும் ரோட்டில் நின்று அழுதேன். என் வீட்டுக்காரர் என்னவோ ஏதோ என்று வண்டியை விட்டுவிட்டு ஓடி வந்தார். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அங்கனயே இருங்க, வாரேன்" என்றாள்.

விஷயத்தைச் சொன்னதும் அவள் அப்பா அரண்டுபோனார். கல்யாணம் முடிவாவதற்கு முன் பெண் மாப்பிள்ளை இடத்துக்கு வருவதா, எந்த ஊரில் நடக்கும் என்றார். இது கடைதானே, காசு கொடுத்துச் சாப்பிடலாம் என்று காலையில் சொன்னதையே திரும்பச் சொன்னேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பசிக்குது என்றார்.

அரை மணி நேரத்தில் ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். வீட்டில் போட்டிருந்த அதே சுடிதார், ஹெல்மெட்டைக் கழற்றினால் தலையெல்லாம் கலைந்திருந்தது. பெண் பார்க்க வந்தால் பட்டும் பூவுமாக நிற்க வேண்டியவள். கூட்டம் குறைந்திருந்தது. எங்களோடு உள்ளே நுழைந்தவளைப் பார்த்ததும் அவர் கரண்டியைக் கீழே வைக்கவும் தெரியாமல், கையில் வைத்திருக்கவும் தெரியாமல் நின்றார். அவள் நேராக அவர் முன்னால் போய் நின்றாள்.

"மீனைக் காட்டுங்க."

அவர் தட்டைக் கொண்டுவந்தார். அவள் தட்டைத் தொடவில்லை. பெட்டி எங்கே என்று கேட்டு, அடுக்களைக்குள் போய், மேலே கிடந்த மீன்களை ஒதுக்கிவிட்டு, அடியில் கையை விட்டு ஒன்றை இழுத்துச் செவுளைத் தூக்கிப் பார்த்தாள். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் என்ன செய்ய? பெற்ற பிள்ளை.

"யோசிச்சுக்கங்க. இங்கன சாப்பிட்டா அப்புறம் பேச்சு வந்துரும்" என்று அவர் மெதுவாகச் சொன்னார்.

"வரட்டும். இந்தத் தடவை நான்தான சாப்பிடப் போறேன்" என்றாள் அவள்.

பரிமாறுகிற பெண் ஓடி வந்து ஜக்கு நிறையத் தண்ணீர் வைத்தாள். அவ்வளவு நேரம் எங்களைத் தவிர்த்ததற்குச் சேர்த்து இலையை இரண்டு முறை துடைத்தாள். சுட்ட விளைமீன் முழுசாக வந்தது, கூடவே மண்சட்டியில் குழம்பும் வந்தது. அவள் அப்பா யாருக்கும் காத்திருக்கவில்லை. கடைக்காரர் சற்றுத் தள்ளி, சுவரில் அந்தப் படகுப் படத்துக்குக் கீழே நின்றுகொண்டிருந்தார். துண்டை இரண்டு கையாலும் முறுக்கிக்கொண்டிருந்தார். மகள் இலையில் விழுந்த மீனைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள். அத்தனை தைரியமாகப் பேசியவள், கையை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

நான் கையை நீட்டி அவள் இலையிலிருந்து ஒரு துண்டைப் பிட்டு, முள் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்து, முகர்ந்து, வாயில் போட்டு மென்றேன். அவசரப்படாமல்தான் மென்றேன். அவர் அங்கேயே நின்றார், அவள் கண்ணைக்கூட எடுக்கவில்லை.

"சாப்பிடுத்தா" என்றேன்.